மயக்கம்: ஒரு சொல்லும் ஒரு மருத்துவத் துறையும்

1. சொல்லின் பரப்பு

தமிழில் 'மயக்கம்' என்னும் சொல் பழமையானது. அதன் பொருட்பரப்பும் விரிந்தது. தொல்காப்பிய எழுத்ததிகாரத்தில் மெய்ம்மயக்கம் என்பது மெய்யெழுத்துகள் ஒன்றோடொன்று கூடி நிற்றலைக் குறிக்கும். ஒரு வேற்றுமைக்குரிய உருபு மற்றொரு வேற்றுமையின் பொருளில் வருவது வேற்றுமை மயக்கம். அதனைக் கூறும் இயலுக்கு வேற்றுமை மயங்கியல் என்று பெயர். ஒரு நிலத்திற்குரியவை மற்றொரு நிலத்திற்குரியவற்றோடு விரவி வருவது திணை மயக்கம். இவ்விடங்களிலெல்லாம் மயங்குதல் என்பதற்குக் கலத்தல், விரவுதல் என்பதே பொருள். தலைசுற்றல், நினைவிழத்தல், கள்ளுண்டு களித்தல், காதல் வயப்படுதல் ஆகிய பொருள்கள் இக்கலத்தற்பொருளோடு உறவுடையன. அறிவின் எல்லைகள் தெளிவற்றுக் கலங்கும் நிலையையே அவை யாவும் சுட்டுகின்றன. அதனாலேயே மயக்கத்தின் எதிர்ச்சொல்லாகத் தமிழில் 'தெளிவு' வழங்குகிறது. மயங்கியவர் விழிப்பதில்லை, தெளிகிறார்.

இன்றைய மருத்துவமனைத் தமிழில் இச்சொல் புதியதொரு பணியையும் ஏற்றுள்ளது. அறுவைக்கு முன் தரப்படும் மருந்து மயக்க மருந்து, தருபவர் மயக்க மருத்துவர், துறை மயக்கவியல். முதுகெலும்பின் இடையே ஊசி செலுத்தி இடுப்புக்குக் கீழ் மட்டும் உணர்வை நீக்கும்போது நோயாளி முழு நினைவோடு பேசிக்கொண்டிருக்கிறார். அதற்கும் மயக்க ஊசி என்றே பெயர். பல் பிடுங்குமுன் ஈற்றில் போடப்படும் ஊசியைச் சிலர் மரத்துப்போகும் ஊசி என்று சரியாகச் சொல்கின்றனர். அதனையும் மயக்க ஊசி என்பாரே பலர். ஒரே சொல் இத்தனை வேறுபட்ட நிலைகளைத் தாங்குவது தமிழுக்கு மட்டும் நேர்ந்ததன்று. 1846ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் இத்துறைக்கு இடப்பெற்ற பெயரும் ஒற்றைப் பெயரே. அப்பெயர் ஒன்றாகக் காட்டிய பொருளை அறிவியல் எவ்வாறு படிப்படியாகப் பலவாகப் பிரித்தறிந்தது என்பதையும், பிரித்தறியாத இடங்களில் நேர்ந்த பிழைகளையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

2. பெயரிடல்

1846 அக்டோபர் 16ஆம் நாள் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் உள்ள மாசச்சூசெட்ஸ் பொது மருத்துவமனையில் வில்லியம் மார்ட்டன் என்னும் பல் மருத்துவர் ஈதர் ஆவியை ஒரு நோயாளிக்கு முகரக் கொடுத்தார். அறுவை மருத்துவர் ஜான் காலின்ஸ் வாரன் அந்நோயாளியின் கழுத்திலிருந்த கட்டியை அறுத்தார். நோயாளி அலறவில்லை. இந்நாளே இத்துறையின் பிறந்தநாளாகக் கொள்ளப்படுகிறது. எனினும் ஜார்ஜியா மாநிலத்தில் கிராஃபர்டு லாங் 1842ஆம் ஆண்டிலேயே ஈதரைப் பயன்படுத்தியிருந்தார். தாம் செய்ததை 1849 வரை அவர் அச்சில் வெளியிடவில்லை. ஹொரஸ் வெல்ஸ் 1845இல் பாஸ்டனிலேயே நைட்ரஸ் ஆக்சைடு வாயுவைக் கொண்டு செய்துகாட்ட முயன்றார்; நோயாளி குரல் எழுப்பிவிட்டமையால் ஏளனத்திற்கு ஆளானார். ஆகவே 1846இன் சிறப்பு முதன்மையில் இல்லை. பலர் அறியச் செய்து காட்டியதிலும், உடனே ஒரு பெயர் பெற்றதிலுமே உள்ளது.

மார்ட்டன் தம் மருந்துக்கு 'லெத்தியான்' என்று பெயரிட்டார். கிரேக்கத் தொன்மத்தில் மறதியைத் தரும் லெத்தே ஆற்றின் பெயரடியாகப் பிறந்தது அது. காப்புரிமை நாடிய அவர்க்கு ஈதர் என்னும் பழைய பொருளின் பெயரை மறைக்கவேண்டிய தேவை இருந்தது. ஆனால் ஈதரின் மணம் அதனைக் காட்டிக்கொடுத்துவிட்டது. அவ்வாண்டு நவம்பர் 21ஆம் நாள் மருத்துவரும் எழுத்தாளருமான ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ், மார்ட்டனுக்கு ஒரு மடல் எழுதினார். அதில், இந்நிலைக்கு 'அனஸ்தீசியா' என்றும், அதனைச் செய்யும் பொருளுக்கு 'அனஸ்தெட்டிக்' என்றும் பெயரிடலாம் எனப் பரிந்துரைத்தார். உலகெங்கும் வழங்கப்போகும் சொல் ஆதலின் மொழிவல்ல அறிஞர் ஒருவரைக் கலந்து முடிவு செய்யுமாறும் அறிவுரை கூறினார். கலைச்சொல்லாக்கத்தின் வரலாற்றில் இத்தகைய முன்னெச்சரிக்கை அரிது.

இச்சொல் அவர் புதிதாகப் படைத்தது அன்று. கிரேக்க மொழியில் முன்னரே இருந்தது. 1721இல் வெளிவந்த நேதன் பெய்லியின் ஆங்கில அகராதியிலும் புலனுணர்வுக் குறை என்னும் பொருளில் இடம்பெற்றிருந்தது. 'அன்' என்பது எதிர்மறை முன்னொட்டு. 'ஐஸ்தேசிஸ்' என்பது புலனுணர்வு. அழகியலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் இவ்வடியிலிருந்தே பிறந்தது என்பது இங்கு நினைக்கத்தக்கது. ஹோம்ஸின் தேர்வில் இரண்டு விளைவுகள் பொதிந்திருந்தன. ஒன்று, சொல் மருந்தின் பெயராக அமையாமல் நிலையின் பெயராக அமைந்தது; ஆதலின் ஈதர் போய் வேறு மருந்து வந்தபோதும் சொல் நிலைத்தது. மற்றொன்று, அந்நிலை ஒன்றே என்னும் எண்ணத்தையும் சொல் தன்னோடு கொண்டுவந்தது. நோவு அறியாமை, நினைவின்மை, அசைவின்மை ஆகிய மூன்றையும் ஈதர் ஒருங்கே தந்தமையால் அவை மூன்றென எண்ண அன்று எவர்க்கும் காரணம் தோன்றவில்லை.

இந்தியாவிற்கு இச்செய்தி விரைவாகவே வந்து சேர்ந்தது. 1847 மார்ச்சு மாதத்தில் கல்கத்தாவில் ஈதர் பயன்படுத்தப்பெற்றது. அதற்கு ஈராண்டு முன்னரே, 1845இல், ஹூக்ளியில் ஜேம்ஸ் எஸ்டெய்ல் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர் மெஸ்மரிச முறையால் நோயாளிகளை ஆழ்துயிலில் ஆழ்த்தி அறுவை செய்துவந்தார். 1846இல் அரசு அவர்க்கெனக் கல்கத்தாவில் ஒரு சிறு மருத்துவமனையையே ஒதுக்கியது. ஆவி மருந்து வந்தபின் அம்முறை மறைந்தது. ஒருவரை மெஸ்மரிசத்தால் துயிலவைக்க மணிக்கணக்கிலும் சில வேளை நாட்கணக்கிலும் முயலவேண்டியிருந்தது. ஈதர்க்குச் சில நிமிடங்கள் போதும்.

3. சிறுமியின் சாவும் எழுந்த வினாவும்

1847 நவம்பரில் எடின்பரோ நகரின் மகப்பேற்று மருத்துவப் பேராசிரியர் ஜேம்ஸ் யங் சிம்சன், குளோரோஃபார்மைத் தாமே முகர்ந்து பார்த்து அதன் ஆற்றலைக் கண்டறிந்தார். ஈதரினும் இனிய மணம், விரைந்த செயல், சிறிதளவே போதும் என்னும் வசதி ஆகியவற்றால் அது பிரித்தானியப் பேரரசெங்கும் பரவியது. 1848 சனவரியிலேயே கல்கத்தாவிற்கும் வந்துவிட்டது. அதே மாதம் 28ஆம் நாள் இங்கிலாந்தில் நியூகாசிலை அடுத்த வின்லேட்டனில் 15 வயதுச் சிறுமி ஹன்னா கிரீனர்க்குக் கால்விரல் நகம் ஒன்றை நீக்குவதற்காகக் குளோரோஃபார்ம் கொடுக்கப்பட்டது. சிறிது நேரத்திற்குள் அவள் இறந்துபோனாள்.

அவள் எதனால் இறந்தாள் என்பதே அடுத்த அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக இத்துறையின் தலையாய வினாவாக நின்றது. முகத்தில் தெளித்த நீரும் வாயில் ஊற்றிய பிராந்தியும் மூச்சை அடைத்துவிட்டன என்றார் சிம்சன். மருந்தின் ஆவி காற்றில் மிகுந்துவிட்டமையால் இதயம் நின்றது என்றார் இலண்டன் மருத்துவர் ஜான் ஸ்நோ. காலரா நோய் குடிநீரால் பரவுவதை 1854இல் தெருக்குழாய் ஒன்றைக்கொண்டு விளக்கிய அதே ஸ்நோதான் இவர். மயக்க மருத்துவத்தை அளவையியலாக மாற்றிய முதல்வரும் இவரே. 1847இல் வெளியிட்ட ஈதர் பற்றிய நூலில் மயக்கத்தின் ஆழத்தை ஐந்து படிகளாக அவர் வகுத்தார். வெப்பநிலைக்கேற்ப எவ்வளவு ஆவி காற்றில் கலக்கும் என்று கணித்துத் தக்க கருவிகளை அமைத்தார். குளோரோஃபார்ம் ஆவி காற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ 5 பங்கைத் தாண்டலாகாது என்பது அவர் துணிபு. 1853இல் விக்டோரியா அரசியின் மகப்பேற்றின்போது குளோரோஃபார்ம் கொடுத்தவரும் அவரே. குளோரோஃபார்ம் பற்றிய அவருடைய பெருநூல், அவர் மறைந்த 1858ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது.

எடின்பரோ மருத்துவர்கள் கருவியை விரும்பவில்லை. மடித்த துணியில் மருந்தை ஊற்றி முகத்தருகே பிடிப்பதே அவர்தம் வழக்கம். அறுவைப் பேராசிரியர் ஜேம்ஸ் சைம் வகுத்த விதி மூச்சைப் பார் என்பது. நாடியைப் பார்க்க வேண்டுவதில்லை என்பது அதன் மறுபாதி. இலண்டனில் நாடியின் மேல் விரல் வைத்தே மருந்து கொடுத்தனர். இரண்டு நகரங்களின் வழக்க வேறுபாடு இரண்டு கோட்பாடுகளாக இறுகி நின்ற நிலையில்தான் வழக்கு ஐதராபாத்துக்கு வந்தது.

4. ஐதராபாத்தில் நிகழ்ந்த ஆய்வு

சைமிடம் பயின்ற எட்வர்டு லாரி 1885இல் ஐதராபாத்தில் பிரித்தானிய ரெசிடென்சியின் அறுவை மருத்துவராகப் பொறுப்பேற்றார். ஐதராபாத் மருத்துவப் பள்ளியையும் அவரே நடத்தினார். 1846இல் தொடங்கப்பெற்ற அப்பள்ளியில் நெடுங்காலம் உருது மொழியிலேயே மேலை மருத்துவம் கற்பிக்கப்பட்டது. தேர்ந்தவர்க்கு ஹக்கீம் என்னும் பட்டம் வழங்கப்பட்டது. 1880களின் நடுப்பகுதியில் பயிற்றுமொழி ஆங்கிலமாயிற்று. அக்காலத்தில் அங்குச் சேர்ந்து பயின்ற முதற்பெண்களுள் ஒருவரான ரூபாபாய் ஃபர்தூன்ஜி 1889இல் தேர்ச்சி பெற்று, அந்நகர மருத்துவமனைகளில் குளோரோஃபார்ம் கொடுக்கும் பணியை மேற்கொண்டார். உலகின் முதல் பெண் மயக்க மருத்துவர் அவரே என்று கருதுவோர் பலர்.

லாரி தம் மாணவர்க்குக் கற்பித்தது ஆசிரியர் சைமின் விதியையே. குளோரோஃபார்மைத் துணிக்கூம்பில் இட்டுக் கொடுக்கவேண்டும், மூச்சு சீராக ஓடுகிறதா என்பதை மட்டுமே கவனிக்கவேண்டும், நாடியைத் தொடலாகாது. நாடி பார்த்தலையே மருத்துவத்தின் தலையாய கலையாகக் கொண்டிருந்த ஒரு நாட்டில் இவ்விதி எப்படி ஒலித்திருக்கும் என்று எண்ணிப்பார்க்கலாம். யுனானி ஹக்கீமும் சித்த வைத்தியரும் நோயாளியின் மணிக்கட்டிலிருந்தே தொடங்குபவர்கள். லாரியின் மாணவனோ கையைப் பிடிக்காமல் நெஞ்சின் ஏற்றத் தாழ்வையும் மூச்சின் ஒலியையும் பார்த்து நிற்கவேண்டியவனானான்.

குளோரோஃபார்ம் இதயத்தை நேரே தாக்குவதில்லை என்று நிறுவுவதற்காக லாரியின் முயற்சியால் 1888இல் முதல் குளோரோஃபார்ம் ஆணையம் அமைந்தது. நாய்கள் மேல் நிகழ்த்திய சோதனைகளில் ஒவ்வொரு முறையும் மூச்சே முதலில் நின்றது. இதயம் பின்னரே நின்றது. இலண்டனிலிருந்து வெளிவந்த 'லான்செட்' இதழ் இம்முடிவை ஐயுற்றது. ஆறாம் நிஜாம் மீர் மகபூப் அலிகான் 1,000 பவுன் நல்கி, இதழின் சார்பில் வல்லுநர் ஒருவரை அனுப்புமாறு கேட்டார். மருந்தியல் அறிஞர் தாமஸ் லாடர் பிரன்டன் 1889இன் இறுதி மாதங்களில் ஐதராபாத்துக்கு வந்தார். இதயமும் தாக்கப்படலாம் என்னும் கருத்துடையவராய் வந்தவர் அவர். நாய், குரங்கு, ஆடு, குதிரை என நானூறுக்கும் மேற்பட்ட விலங்குகள் சோதிக்கப்பட்டன. பலவற்றில் குருதியழுத்தம் கருவியால் வரைந்து பதியப்பட்டது. முடிவில் பிரன்டன் தம் கருத்தை மாற்றிக்கொண்டு, இடர் மூச்சடைப்பாலும் மிகையளவாலும் வருவதே, இதயத்தின் மேல் நேரடி விளைவு இல்லை எனத் தந்தி அனுப்பினார். அறிக்கை 1891இல் பம்பாயில் நூலாக அச்சேறியது.

இந்தியச் சமத்தானம் ஒன்று தன் பொருளைச் செலவிட்டு ஐரோப்பிய அறிவியல் வழக்கொன்றைத் தன் மண்ணில் விசாரித்தது என்ற அளவில் இது பெருமைக்குரிய நிகழ்ச்சியே. இத்துறையின் வரலாற்றை எழுதுவோர் ஐதராபாத்தை விட்டுவிட்டு எழுத இயலாது. ஆனால் முடிவு சரியன்று. 1893இல் கேம்பிரிட்ஜில் கேஸ்கல், ஷோர் இருவரும் குருதியோட்டத்தைப் பிரித்துச் செலுத்தும் நுட்பமான சோதனைகளால், குருதியழுத்தம் வீழ்வதற்குக் காரணம் மருந்து இதயத்தை நேரே தளர்த்துவதே என்று காட்டினர். பின்னர் 1911இல் குட்மன் லெவி திடீர்ச்சாவின் காரணத்தையே கண்டுபிடித்தார். பூனைகளுக்குக் குளோரோஃபார்மை மிகுதியாக அன்றிச் சிறிதாகக் கொடுத்து, உடலில் அட்ரினலினும் கூடும்போது இதயத்தின் கீழறைகள் ஒழுங்கு குலைந்து துடித்து நின்றுவிடுவதை அவர் கண்டார். அச்சத்தால் அட்ரினலின் மிகும். அஞ்சி நடுங்கும் நோயாளிக்கு மயக்கம் ஆழமாகுமுன் அறுவையைத் தொடங்குவதும், துணியை எடுத்து எடுத்து மருந்தை விட்டுவிட்டுக் கொடுப்பதுமே இடர்மிக்கவை என்பது புலனாயிற்று. ஹன்னா கிரீனர் அறுவைக்கு முன்பே அஞ்சி அழுதவள் என்பதை இங்கு நினைவுகூரலாம்.

நானூறு விலங்குகளைச் சோதித்தும் ஐதராபாத் ஆணையம் இதனைக் காணத் தவறியது ஏன்? விடையை வினாவின் அமைப்பிலேயே தேடவேண்டும். மூச்சா, இதயமா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினா அது. மிகுதியாகக் கொடுத்து மெல்லச் சாகும் சாவு ஒன்று. குறைவாகக் கொடுக்கும்போது நொடியில் நேரும் சாவு மற்றொன்று. 'குளோரோஃபார்ம் சாவு' என்னும் ஒரே தொடர் இவ்விரண்டையும் ஒன்றாகக் கட்டிவைத்திருந்தது. ஆணையம் முதல்வகைச் சாவையே மீண்டும் மீண்டும் உண்டாக்கி அளந்தது. இரண்டாம் வகை அதன் கண்ணிற்படவே இல்லை.

எனினும் லாரியின் கோட்பாடு தவறியமையால் அவர் விதியும் தவறு எனக் கொள்ளுதல் பொருந்தாது. நினைவிழந்தவரின் நாக்கு பின்சரிந்து மூச்சுவழியை அடைப்பதும், மூச்சு தளர்ந்து குருதியில் ஆக்சிஜன் குறைவதும் அன்றும் இன்றும் மயக்க மருத்துவத்தின் முதன்மையான இடர்கள். மூச்சைப் பார் என்னும் பாதி இன்றும் நிற்கிறது. நாடியைத் தொடாதே என்னும் பாதிதான் வீழ்ந்தது.

5. ஒன்று பலவாதல்

ஹோம்ஸ் தந்த சொல்லின் ஒருமையை முதலில் உடைத்தது கண் மருத்துவம். 1884இல் வியன்னாவில் கார்ல் கோலர் கொக்கெயின் கரைசலைக் கண்ணில் விட்டு, நோயாளி விழித்திருக்கும்போதே கண்ணறுவை செய்ய வழிகண்டார். 1898இல் செருமனியின் கீல் நகரில் ஆகஸ்ட் பியர் முதுகுத் தண்டைச் சூழ்ந்த நீரில் அம்மருந்தைச் செலுத்தினார். நினைவு தெளிவாக இருக்க நோவுணர்வு மட்டும் நீங்கியது. ஆங்கிலச் சொல் புலனுணர்வின்மையையே குறித்தமையால் 'உள்ளிட அனஸ்தீசியா' என்று அடைகொடுத்துச் சொல்வதில் அங்கு இடர்ப்பாடு எழவில்லை. நினைவின் கலக்கத்தைக் குறிக்கும் சொல்லைக் கொண்ட மொழிகளிலோ முரண் பிறந்தது. உருதுவில் 'பேஹோஷி' என்பது நினைவின்மை. தெலுங்கில் 'மத்து மந்து' என்பது போதையூட்டும் மருந்து. கன்னடத்தில் வழங்கும் 'அரிவளிகெ' அறிவின் அழிவைக் குறிப்பது. தமிழின் 'மயக்கம்' இவ்வரிசையிலேயே நிற்கிறது.

அடுத்த உடைப்பு தசையில் நேர்ந்தது. அதுவரை ஆழம் என்பது ஒரே ஏணி. ஆர்தர் கீடெல் 1920இல் ஈதர் மயக்கத்தை நான்கு நிலைகளாக வகுத்து, விழியின் அசைவு, பாவையின் அளவு, மூச்சின் போக்கு ஆகியவற்றால் ஒவ்வொரு நிலையையும் அறியச் செய்தார். வயிற்றுத் தசை தளரவேண்டுமானால் நோயாளியை அவ்வேணியில் ஆழத்திற்கு இறக்கவேண்டும். இறக்க இறக்க இடரும் கூடும். 1942 சனவரியில் மாண்ட்ரியல் நகரில் ஹெரால்டு கிரிஃபித்தும் ஈனிட் சான்சனும் குராரே என்னும் தென்னமெரிக்க அம்புநஞ்சின் தூய வடிவத்தைச் செலுத்தினர். மயக்கம் ஆழமாகாமலே தசை தளர்ந்தது. பயன் பெரிது. ஆனால் விழியசைவும் மூச்சும் தசையால் இயல்பவை ஆதலின், கீடெல் காட்டிய குறிகள் பலவும் அன்றோடு பயனற்றுப்போயின.

தசை தளர்ந்தவர் நினைவிழந்தவர்தாமா? இவ்வினாவிற்கு ஒருவர் தம் உடம்பையே விடையாக அளித்தார். அமெரிக்க மருத்துவர் ஸ்காட் ஸ்மித், வேறெந்த மருந்தும் இன்றி, மூச்சுத் தசைகளை முற்றிலும் முடக்கப் போதிய அளவினும் இரண்டரை மடங்கு குராரேயைத் தமக்குச் செலுத்தச் செய்தார். உடனிருந்தோர் செயற்கை மூச்சு அளித்தனர். விரலையும் அசைக்க முடியாது கிடந்த அவர், சுற்றிலும் நடந்தவை யாவற்றையும் அறிந்தார், நோவையும் உணர்ந்தார், பின்னர் அனைத்தையும் ஒழுங்காக எடுத்துரைத்தார். 1947இல் இவ்வாய்வு வெளியாயிற்று. அசைவின்மையும் அறிவின்மையும் ஒன்றல்ல என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. அறுவையின்போது நினைவு மீண்டும் சொல்ல இயலாது கிடக்கும் நோயாளியைப் பற்றிய அச்சம் இத்துறைக்குள் புகுந்தது இதன் பின்னரே.

பெயர்கள் பிரியலாயின. ஜான் லண்டி 1926இலேயே பல மருந்துகளைச் சிறிது சிறிதாகச் சேர்த்துத் தருவதைச் 'சமனிட்ட' முறை என்று அழைத்திருந்தார். லிவர்ப்பூலில் கிரேயும் ரீசும் 1952இல் துயில், நோவு நீக்கம், தசைத் தளர்வு என மூன்றாகப் பகுத்தனர். 1957இல் உட்பிரிட்ஜ், புலன், இயக்கம், அனிச்சைச் செயல், மனம் என நான்கின் தடை என்று வகுத்தார். இப்பகுப்புகளில் மொழியியலார்க்குப் பழக்கமான ஒரு முறை தெரிகிறது. ஒலியனைப் பண்புக்கூறுகளாகப் பிரிப்பது போன்றதே இது. ஒரு கூறு இருக்க மற்றொன்று இல்லாத நிலையைக் காட்டினாலன்றி இரண்டும் வேறு என நிறுவ முடியாது. முதுகுத்தண்டு ஊசியும் ஸ்மித்தின் சோதனையும் காட்டியவை அத்தகைய இணைகளே.

ஒற்றைச் சொல்லின் பிடி கோட்பாட்டில் இன்னும் நெடிது நீடித்தது. 1899இல் மேயரும் 1901இல் ஓவர்ட்டனும், ஒரு மருந்து எண்ணெயில் எவ்வளவு கரைகிறதோ அவ்வளவு அதன் ஆற்றல் என்று கண்டனர். இதிலிருந்து, நரம்புச் சவ்வின் கொழுப்பில் கரைவதே எல்லா மயக்கத்திற்கும் ஒரே காரணம் என்னும் கொள்கை எழுந்து முக்கால் நூற்றாண்டு ஆண்டது. 1984இல் இலண்டனில் ஃபிராங்க்ஸும் லீபும், கொழுப்பே கலவாத ஒரு புரதத்தையும் (மின்மினியின் ஒளியை உண்டாக்குவது அது) இம்மருந்துகள் அதே அளவுகளில் தடுப்பதைக் காட்டியபின் ஆய்வு புரதங்களின்பால் திரும்பியது. 1965இல் ஈகரும் அவர் குழுவினரும் நிலைநாட்டிய ஆற்றலளவும் இங்கு எண்ணத்தக்கது. தோலைக் கீறும்போது நோயாளிகளுள் பாதிப்பேர் அசையாதிருக்கத் தேவையான ஆவியளவு அது. அளக்கப்படுவது அசைவு மட்டுமே. 1993இல் வெளியான விலங்காய்வுகள், அவ்வசைவின்மை மூளையிலன்றிப் பெரும்பாலும் முதுகுத் தண்டிலேயே பிறக்கிறது என்று காட்டின. மயக்கத்தின் அளவுகோல் எனப் போற்றப்பட்டது மனத்தை அளக்கவில்லை.

6. கொடுப்பவரும் காப்பவரும்

தொழிலின் பெயரும் தெளிவின்றியே தொடங்கியது. ஸ்நோவைப் போன்ற ஒரு சிலரை விட்டால், பத்தொன்பதாம் நூற்றாண்டில் குளோரோஃபார்ம் கொடுப்பது இளைய உதவியாளர், மாணவர், செவிலியர் எவரேனும் செய்யும் கைவேலையாகவே கருதப்பட்டது. 1893இல் இலண்டனில் மயக்க மருத்துவர் சங்கம் தோன்றியது. 1902இல் சிகாகோவைச் சேர்ந்த சைஃபர்ட், கொடுக்கும் தொழில்திறத்தையும் அதனைப் பற்றிய அறிவியலையும் வேறுபடுத்தி, பின்னதற்கு 'அனஸ்தீசியாலஜி' எனப் பெயரிட்டார். 1927இல் விஸ்கான்சினில் ரால்ஃப் வாட்டர்ஸ் பல்கலைக்கழகப் பயிற்சியைத் தொடங்கினார். 1937இல் ஆக்ஸ்ஃபோர்டில் ராபர்ட் மெக்கின்டாஷ் பேராசிரியரானார். 1945இல் அமெரிக்கச் சங்கம் தன் பெயரிலேயே சைஃபர்ட்டின் சொல்லை ஏற்றது. பிரித்தானியர் பழைய சொல்லையே இன்றும் வைத்திருக்கின்றனர். 1947இல் தோன்றிய இந்தியச் சங்கம் முதலில் பிரித்தானிய வழக்கைத் தழுவி, பின்னர் அமெரிக்க வழக்கிற்கு மாறியது.

பெயரை விடப் பெரிய மாற்றம் பணியில் நிகழ்ந்தது. ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அவோயாகி 1970களின் முற்பகுதியில் கண்டறிந்த நெறியின்படி, விரலில் மாட்டும் ஒரு கவ்வி குருதியின் ஆக்சிஜனை இடைவிடாது காட்டத் தொடங்கியது. மூச்சையும் நாடியையும் ஒருங்கே பார்ப்பது அக்கவ்வி; சைமும் ஸ்நோவும் எதிரெதிரே நின்ற வழக்கு அதற்குள் அடங்கிப்போயிற்று. 1986இல் ஆர்வர்டு மருத்துவமனைகள் வெளியிட்ட கண்காணிப்பு நெறிகளில் தலையாயது எந்தக் கருவியும் அன்று. தகுதி பெற்றவர் ஒருவர் அறுவை முடியும் வரை நோயாளியை விட்டு நீங்காதிருத்தல் ஆகும். தமிழில் 'மயக்கம் கொடுப்பவர்' என்னும் தொடர் இத்தொழிலின் முதற் சில நிமிடங்களையே சொல்கிறது.

7. தமிழில்

1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், மானிப்பாயில் தமிழிலேயே மேலை மருத்துவத்தைக் கற்பித்தார். அவர் வழிவந்த 'இரண வைத்தியம்' 1867இல் அச்சேறியது. தமிழில் சொல் உண்டா எனத் தேடி, இல்லையேல் வடமொழியை நாடி, அதுவும் இல்லையேல் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கேற்ப ஆக்கிக்கொள்வது அவர் முறை; வேதியியல் நூலுக்குக் 'கெமிஸ்தம்' எனப் பெயரிட்டமை இதற்குச் சான்று. பிற்காலக் கலைச்சொல் தொகுப்புகள் உணர்விழப்பு, உணர்வகற்றி முதலிய சொற்களைத் தந்தன. அவை ஹோம்ஸின் சொல்லுக்கு மிக நெருங்கியவை. நூல்களில் தங்கின, மருத்துவமனைக்கு வரவில்லை. மக்கள் 'மயக்கம்' என்றே சொன்னார்கள். அவர்களைப் பின்பற்றி அறிவிப்புப் பலகையும் 'மயக்கவியல் துறை' என்று எழுதிக்கொண்டது. இலக்கணம் பயின்றார் கண்ணுக்கு அது வேற்றுமை மயங்கியலின் உடன்பிறப்பாகத் தோன்றினால் வியப்பில்லை.

மக்கள் வழக்கைக் குறைகூறுவதில் பயனில்லை. அச்சொல் மறைக்கும் கூறுகளை அறிவது பயனுடையது. முதுகில் ஊசி போடப்பட்ட தாய், மருத்துவர்கள் பேசுவது காதில் விழுந்ததும் மயக்கம் பிடிக்கவில்லை என்று பதறுகிறாள், அவளுக்குச் சொல்லப்பட்டது மயக்க ஊசி என்று, நடந்ததோ மரத்தல். 'மரத்தல்' என்னும் நல்ல தமிழ்ச்சொல் வழக்கில் இருக்கவே, அவ்வூசியை மரப்பூசி என்று சொல்லத் தடையில்லை.

இதனினும் கடுமையான இடர் வேறொன்று. உட்பிரிட்ஜ் பகுத்த நான்கனுள் அனிச்சைச் செயலின் தடை என்பதற்கு 'மயக்கம்' என்னும் சொல்லில் இடமே இல்லை. விழித்திருப்பவர்க்கும் துயில்பவர்க்கும் தொண்டையில் ஏதேனும் புகுந்தால் இருமல் எழும். மருந்தால் நினைவிழந்தவர்க்கு எழாது. வயிற்றில் உள்ளது மேலேறினால் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். நியூயார்க்கின் மகப்பேற்று மருத்துவர் கர்டிஸ் மெண்டெல்சன் 1946இல் வெளியிட்ட ஆய்வில், 44,016 பேறுகளுள் 66 பேருக்கு இவ்வாறு நேர்ந்ததை எடுத்துக்காட்டி, இரைப்பையின் அமிலமே நுரையீரலைப் புண்ணாக்குகிறது என்று விளக்கினார். அறுவைக்கு முன் வெறும் வயிற்றோடு இருக்கச் சொல்வது இதனாலேயே. இற்றை நெறிகளின்படி பெரியவர்கள் எளிய உணவை ஆறு மணி நேரத்திற்கு முன்பும், தெளிந்த நீரை இரண்டு மணி நேரத்திற்கு முன்பும் நிறுத்தவேண்டும். மயக்கம் என்றால் ஒருவகைத் தூக்கம் என்று விளங்கிக்கொண்ட குடும்பத்தார்க்கு இக்கட்டளை காரணமற்ற கண்டிப்பாகவே தோன்றும். பசியோடு தூங்கவைப்பதா என்று எண்ணி, விடியற்காலையில் எவரும் பார்க்காதபோது குழந்தைக்குப் பாலோ பெரியவர்க்குக் கஞ்சியோ புகட்டிவிடுபவர்கள் அன்பின் மிகுதியாலேயே அவ்வாறு செய்கின்றனர். ஒப்புதல் படிவத்தில் 'மயக்க மருந்து கொடுக்க உடன்படுகிறேன்' என்னும் வரிக்குக் கீழ், இம்மருந்து இருமலையும் நிறுத்திவிடும், வயிற்றில் உள்ளது மூச்சுக்குழாயில் இறங்கக்கூடும் என இரண்டு எளிய வாக்கியங்கள் எழுதப்படவேண்டும். அவற்றைப் படிவத்தில் எழுதினால் மட்டும் போதாது. முந்தைய மாலையிலேயே நோயாளியிடமும், உடன் தங்கப்போகும் உறவினரிடமும் வாய்விட்டுச் சொல்லவும் வேண்டும்.